வீசியெறிகிற மணலைப் பற்றி அண்ணனுக்கு

எஹலியகொட,
ஞாயிற்றுக்கிழமை இரவு.

அன்புள்ள அண்ணனுக்கு,

எலஹெர மாணிக்கக் குழிகளில் நீங்கள் சுகமாக இருக்க அம்மா மாரியம்மனை வேண்டிக்கொண்டே இருக்கிறார். இங்கே மழை விட்டபாடில்லை. இறப்பர் மரமெல்லாம் நனைந்து நிற்பதால் பால் வெட்டு இல்லை. அப்பா இஸ்தோப்பில் உட்கார்ந்து பால் கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். உங்கள் முழங்காலுக்கு அம்மா எண்ணெய் காய்ச்சி வைத்திருக்கிறார். அந்தப் பக்கம் யாராவது வந்தால் கொடுத்து அனுப்புகிறோம்.

போன கிழமை போனில் ஒன்று கேட்டீர்கள். "இவ்வளவு படிச்சிட்டு கடைசியில மணலையா பாக்கப் போற? மணல்ல சல்லி இருந்தா நாங்க ஏன் ஆத்துல கொட்டுறோம்?" என்று. நான் பதில் சொல்லத் தொடங்கும்போதே லைன் அறுந்துபோனது. அறுந்ததும் ஒருவகையில் நல்லதுதான். இதை இரண்டு வார்த்தையில் சொல்ல எனக்கு மனமில்லை. உங்களுக்குப் புரியவைக்க முடியாவிட்டால் வேறு யாருக்கும் என்னால் புரியவைக்க முடியாது. ஏனென்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எங்களுக்குச் சொல்லித்தருவதில் பாதியை உங்கள் கை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது.

குழியிலிருந்து ஏற்றிய இல்லச் சரளையை வட்டிக் கூடையில் அள்ளிப்போட்டுத் தண்ணீரில் வைத்துச் சுழற்றுகிறீர்கள். களி கரைந்து போகிறது, வெள்ளை மணல் விளிம்பால் வழிந்து போகிறது. பருக்கைக் கற்களைக் கையால் தள்ளுகிறீர்கள். கடைசியில் அடியில் ஒரு கைப்பிடி நம்புவ மிஞ்சும். முதலாளி அதை வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்து, விரலால் கோடு கோடாகக் கிளறிப் பார்ப்பார். நீலமோ புஷ்பராகமோ வைடூரியமோ இருந்தால் எடுத்துக்கொள்வார். மற்றதெல்லாம் திரும்பவும் தண்ணீருக்கு. அந்த மற்றதைத்தான் அண்ணே நான் கேட்கிறேன். கறுப்பாகப் பொடியாகக் கிடக்கிறதே, அது பெரும்பாலும் இல்மனைட். சிவப்பும் ஊதாச் சிவப்புமாக இருப்பவை கார்னெட். தேன் நிறத்திலும் பச்சையிலும் சின்னஞ்சிறு கூர் மணிகள் இருக்கும், அவை சிர்க்கோன். அதே சிர்க்கோன் நிறமில்லாமல் பெரிதாகக் கிடைத்துப் பட்டை தீட்டினால் மாத்தறை வைரம் என்று விற்பார்கள். சின்னதாக இருந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இவை ஏன் அடியில் தங்குகின்றன? எடைதான் காரணம். சாதாரண வெள்ளை மணல், அதாவது குவார்ட்ஸ், தண்ணீரைவிட 2.65 மடங்கு எடை. நீலக்கல் 4 மடங்கு. சிர்க்கோன் 4.6 மடங்குக்கும் மேல். நாங்கள் ஆய்வுகூடத்தில் செய்வதும் இதைத்தான். மணற்கல்லை உடைத்துப் பொடியாக்கிச் சலித்து, புரோமோஃபோம் என்ற கனமான திரவத்தில் போடுவோம். அதன் அடர்த்தி 2.89. குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பார் என்ற களிக்கல்லும் மேலே மிதக்கும், கனமானவை அடியில் இறங்கும். பொதுவாக மணற்கல்லில் நூற்றில் ஒரு பங்குகூட இப்படி இறங்காது. ஆனால் மணல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள அந்த ஒரு பங்குதான் வேண்டும். குவார்ட்ஸ் எல்லா மலையிலும் உண்டு, அது ஊர் பேர் சொல்லாது. கனமான மணிகள் சொல்லும். கயனைட்டும் சிலிமனைட்டும் இருந்தால், பழைய களிமண் பாறை ஆழத்தில் வெந்து மாறிய மலையிலிருந்து வந்த மணல். குரோம் ஸ்பைனல் இருந்தால் பூமியின் மிக ஆழத்தில் பிறந்த பாறை எங்கோ வெளியே தெரிந்திருக்கிறது. மொனசைட்டும் டூர்மலினும் கூடுதலாக இருந்தால் கருங்கல் மலைப் பக்கம் பார்க்கலாம். கார்னெட்டிலும் ஒன்றுபோல் ஒன்று இல்லை. அதில் மக்னீசியம் எவ்வளவு, இரும்பு எவ்வளவு, கல்சியம் எவ்வளவு என்று மணி மணியாக அளந்தால், எந்த மாதிரிப் பாறையில் விளைந்த கார்னெட் என்று பிரித்துவிடலாம்.

சிர்க்கோனின் கதை தனி. அது விளையும்போது கொஞ்சம் யுரேனியத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளும். ஈயத்தை ஏறக்குறைய முழுவதும் வெளியே தள்ளிவிடும். பிறகு உள்ளே இருக்கும் யுரேனியம் மெதுவாகச் சிதைந்து ஈயமாகிறது. யுரேனியம் 238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு ஆகும், யுரேனியம் 235 குறைய 70 கோடி ஆண்டு. ஆகவே ஒரு மணிக்குள் இன்று எவ்வளவு ஈயம், எவ்வளவு யுரேனியம் என்று அளந்தால் அந்த மணி விளைந்த காலம் தெரிந்துவிடும். இரண்டு வகை யுரேனியமும் ஒரே விடையைச் சொல்கிறதா என்றும் சரிபார்க்கலாம். முழு மணியைக் கரைக்கவும் தேவையில்லை. தலைமயிரின் தடிப்பைவிடச் சிறிய ஒரு புள்ளியை லேசரால் சுட்டால் போதும்.

இதை நம் நாட்டுப் பாறையிலேயே செய்திருக்கிறார்கள். நாம் நிற்கும் மத்திய மலைநாட்டுப் பாறைத் தொகுதியில் குவார்ட்சைட் என்று ஒரு வெள்ளைப் பாறை உண்டு. அது ஒரு காலத்தில் மணற்கல். அதற்கும் முன்னால் ஏதோ ஒரு கரையில் கிடந்த வெறும் மணல். 1987இல் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் குரோனரும் ஆஸ்திரேலியாவின் இயன் வில்லியம்ஸும் வில்லியம் கொம்ஸ்டனும், பேராதனையிலிருந்து பி.டபிள்யூ. விதானகேயும் எல்.ஆர்.கே. பெரேராவும் இன்னொருவரும் சேர்ந்து அந்தப் பழைய மணலின் சிர்க்கோன்களின் வயதை வெளியிட்டார்கள். சில மணிகளுக்கு ஏறக்குறைய 320 கோடி ஆண்டு. மற்றவை அங்கிருந்து 240 கோடி ஆண்டு வரை இறங்கி வந்தன.

முதல் தடவை வகுப்பில் இதைக் கேட்டபோது அன்று முழுக்க எனக்கு வேறு எதுவும் மனதில் நிற்கவில்லை. யோசித்துப் பாருங்கள். ஒரு மணற்கல், அதற்குள் இருக்கும் மிக இளைய மணியைவிட மூத்ததாக இருக்க முடியாது. ஆகவே கடந்த 240 கோடி ஆண்டுக்குள்தான் அந்த மணல் வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் மணியைத் தந்த மலை அதைவிட எவ்வளவோ மூத்தது. அது சிவனொளிபாத மலையும் அல்ல, பீதுருதாலகாலையும் அல்ல. அப்போது இலங்கை என்று ஒரு தீவே கிடையாது. பிற்காலத்தில் இந்தியா, மடகாஸ்கர், அந்தாட்டிக்கா எல்லாம் நம்மோடு ஒட்டிக் கொண்டுவானா என்ற பெருநிலமாக ஆனபோது, இன்றைக்குச் சுமார் 61 கோடி முதல் 55 கோடி ஆண்டுக்கு முன், அந்த மணற்கல் ஆழத்துக்குப் போய் 800 பாகை செல்சியசைத் தாண்டிய வெப்பத்தில் வெந்து குவார்ட்சைட் ஆனது. அந்தச் சூட்டிலும் சிர்க்கோன் அழியவில்லை. பால் வெட்டிய இடத்தில் இறப்பர் மரத்துக்குப் புதுப்பட்டை வளர்வதுபோல பழைய மணியைச் சுற்றிப் புது ஓரம் வளர்ந்தது. நடுவைச் சுட்டால் பழைய மலையின் வயது, ஓரத்தைச் சுட்டால் வெந்த காலத்தின் வயது. ஒரே மணியில் இரண்டும் இருக்கின்றன. தொலைந்துபோன அந்த மலையின் மிச்சத்தை இன்று பல கண்டங்களில் தேடுகிறார்கள்.

வெளிநாட்டில் இதைவிடப் பழையதும் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் மலைத்தொடரில், சுமார் 300 கோடி ஆண்டுப் பழைய கூழாங்கல் பாறை ஒன்றிலிருந்து எடுத்த ஒரு சிர்க்கோன் மணிக்கு 440 கோடி ஆண்டு என்று 2001இல் அறிவித்தார்கள். பூமிக்கே 454 கோடிதான். அந்த மணி விளைந்த பாறை இன்று எங்கும் இல்லை. மணி மட்டும் இருக்கிறது.

இதில் ஏமாறும் இடங்களும் உண்டு. அவற்றையும் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்குக் கதை சொன்னவள் ஆகிவிடுவேன். சிர்க்கோன் சாகாத மணி. ஒரு மலையிலிருந்து உதிர்ந்து மணற்கல்லாகி, அந்த மணற்கல் மலையாக எழுந்து உடைந்து, வேறொரு மணற்கல்லுக்குள் போய்ச் சேரும். ஆகவே அது பிறந்த இடத்தைச் சொல்லும், கடைசியாக எங்கிருந்து புறப்பட்டது என்று சொல்லாது. அதற்குச் சீக்கிரம் கெடுகிற மணிகள் வேண்டும். அபடைட் புளித்த மண்ணில் கரைந்துவிடும். கார்னெட் ஆழத்தில் புதைந்து நெடுங்காலம் கிடந்தால் அரிபட்டுப் போகும். களிக்கல்லும் அப்படித்தான், வெயிலிலும் மழையிலும் மக்கிப்போகும். புத்தளம் பக்கம் தப்போவவில் ஜுராசிக் காலத்து மணற்கல் இருக்கிறது. அதை மெல்லிய தகடாக அறுத்து நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தேன். களிக்கல் மணிகள் மக்காமல், மூலைகூட மழுங்காமல் கோணல்மாணலாக நின்றன. அந்த மணல் தூரத்திலிருந்து வந்ததல்ல, பக்கத்து மலையிலிருந்து அவசரமாக இறங்கி அவசரமாக மூடப்பட்டது. அதைச் சொன்னது சிர்க்கோன் அல்ல, மெலிந்த களிக்கல்தான்.

தண்ணீரும் ஏமாற்றும். ஆற்றின் ஒரு வளைவில் சிர்க்கோன் குவிந்து கிடந்தால் மேலே சிர்க்கோன் மலை இருக்கிறது என்று அர்த்தமில்லை. அந்த இடத்தில் நீரோட்டம் இலேசானதை அடித்துக்கொண்டு போயிருக்கலாம். இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், இல்லம் எங்கே கனமாகப் படியும் என்று வளைவைப் பார்த்தே சொல்கிறவர் நீங்கள். அதனால்தான் எது அதிகம் என்று மட்டும் எண்ணுவதில்லை. எடையும் பருமனும் கிட்டத்தட்ட ஒன்றான இரண்டு மணிகளை, ரூட்டைலுக்குச் சிர்க்கோன் எத்தனை என்ற மாதிரி, சோடி சேர்த்து எண்ணுகிறோம். தண்ணீர் இரண்டையும் ஒரே மாதிரித்தான் நடத்தும். ஆகவே அந்த விகிதம் மாறினால் மலை மாறியிருக்கிறது.

சல்லியைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்கும் வருகிறேன். 1954இல் ரஷ்யாவின் சைபீரியாவில் லரிசா பொப்புகயேவா என்ற பெண் ஓடை மணலைக் கழுவிக் கழுவி, அதில் கிடந்த சிவப்புக் கார்னெட்டைப் பின்பற்றி மேலே மேலே போனார். மணி கூடிக்கொண்டே போன இடத்தில் வைரம் தாங்கும் கிம்பர்லைட் பாறை இருந்தது. அந்த நாட்டில் கண்டுபிடித்த முதல் கிம்பர்லைட் அதுதான், சார்னிட்சா என்று பெயர் வைத்தார்கள். வைரத்தையே நேராகத் தேடி அவர் போகவில்லை. வைரத்தோடு கூடப் பிறக்கும் கார்னெட்டைத் தேடிப் போனார். அது ஆயிரக்கணக்கில் கிடைக்கும், வைரம் அப்படிக் கிடைக்காது.

நம் நாட்டில் நீலக்கல்லுக்கு அந்த வேலை இன்னும் அரைகுறையாகத்தான் நிற்கிறது. இலங்கைக் கல்லில் பெரும்பகுதி இல்லத்திலிருந்து, அதாவது எங்கிருந்தோ உருண்டு வந்த சரளையிலிருந்து எடுக்கிறோம். தாய்ப்பாறையிலேயே நீலத்தைப் பார்த்த இடங்கள் மிகக் குறைவு. 2012 பெப்ரவரியில் கதிர்காமத்துக்குப் பக்கத்தில் தம்மன்னாவவில் நடந்தது நினைவிருக்கிறதா? வீதி போடக் கொட்டிய மண்ணில் நீலக்கல் பளபளத்தது, சனம் திரண்டு போனது. அந்த மண்ணை வெட்டிய காணியில் பாறையோடு நீலம் இருந்தது. யாரும் தேடிக் கண்டுபிடித்ததல்ல, லொறிதான் கொண்டுவந்து காட்டியது. கூட வரும் மணிகளை ஒழுங்காகப் படித்திருந்தால் லொறிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

வீசியெறிகிற மணல் இதற்கு முன்பும் பெரிய காரியம் செய்திருக்கிறது. பலாங்கொடைப் பக்கத்து மாணிக்கச் சரளையில் கறுப்பாகக் கனச்சதுரமாக ஒரு கல் கிடைத்துக்கொண்டிருந்தது. 1904இல் அது புதிய கனிமம் என்று தெரிந்து தோரியனைட் என்று பெயர் வைத்தார்கள். அதை ஆரம்பத்தில் ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஆனந்த குமாரசுவாமி. கலையைப் பற்றி எழுதியவராகத்தான் அவரைப் பலருக்கும் தெரியும். ஆனால் 1903 முதல் 1906 வரை அவர் இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் இயக்குநர், இந்த மலையெல்லாம் நடந்தவர். இங்கிருந்து லண்டனுக்குப் போன தோரியனைட்டில்தான் 1905இல் ஒட்டோ ஹான் என்ற இளைஞர் ரேடியோதோரியத்தைக் கண்டுபிடித்தார். பின்னாளில் அணுவைப் பிளந்ததற்கு நொபெல் பரிசு பெற்றவர் அவர்தான்.

நம் ஊரும் குறைந்ததல்ல. எக்கனைட் என்று ஒரு பச்சைக் கனிமம் உண்டு. தோரியம் கலந்தது, தன் கதிர்வீச்சாலேயே தன் படிக அமைப்பை உடைத்துக்கொண்டது. 1953இல் எப்.எல்.டி. ஏக்கநாயக்க என்ற இரத்தினக்கல் அறிஞரின் கண்ணில் அது பட்டது. 1961இல் அவர் பெயராலேயே உலகம் ஏற்றுக்கொண்டது. அது முதலில் கிடைத்த இடம் என்று கனிமப் புத்தகங்களில் அச்சிட்டிருப்பது எல்லாவல, எஹலியகொட. பேராதனை நூலகத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து நம் ஊர்ப் பெயரைப் பார்த்தபோது பக்கத்தில் இருந்தவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். இன்னொன்றும் சொல்கிறேன். உலகத்தின் பல ஆய்வுகூடங்களில் சிர்க்கோன் வயதை அளக்கும் முன் கருவியைச் சரிபார்க்க ஒரே கல்லின் துண்டுகளை வைத்திருக்கிறார்கள். எம்257 என்று பெயர், இலங்கையில் எடுத்து வெட்டிய 25.7 கரட் சிர்க்கோன், வயது 56 கோடி ஆண்டு. மற்ற நாட்டு மணலின் வயதைச் சொல்ல நம் நாட்டுக் கல்லும் ஓர் அளவுகோல். ஆனால் எந்தக் குழியில், எந்த ஆழத்தில், எந்தக் கை அதை எடுத்தது என்று ஒரு வரியும் இல்லை. கல் கைமாறிக் கைமாறிப் போகும்போது முதலில் தொலைவது அதன் இடம்தான். எனக்கு அதுதான் பெரிய வருத்தம். இடம் தெரியாத மணியை எந்தக் கருவியில் வைத்தாலும் அது பிறந்த காலத்தை மட்டும்தான் சொல்லும், நடந்த வழியைச் சொல்லாது.

அதனால்தான் கடைசி வருட ஆய்வுக்கு நம் எஹலியகொட இல்லத்து மணலையும் உங்கள் எலஹெர மணலையும் ஒப்பிடுவதாக விரிவுரையாளரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் சம்மதித்துவிட்டார். இங்கே சித்தப்பா வேலை செய்யும் குழியில் மணல் எடுத்தாயிற்று. இனி உங்கள் பக்கம்தான்.

உங்களிடம் கேட்பது இதுதான். கழுவி முடித்து முதலாளி கல் பொறுக்கிய பிறகு, மிஞ்சுகிற நம்புவயில் இரண்டு கைப்பிடி வேண்டும். நிறம் பார்த்துப் பொறுக்க வேண்டாம், கறுப்பையும் கழிக்க வேண்டாம், கிடக்கிறபடியே வேண்டும். கழுவாத இல்லத்திலும் ஒரு பை எடுங்கள், வட்டியில் பொடி மணி வழிந்து போயிருக்கும். அடியில் இருக்கும் மக்கிய பாறையான மலாவவிலும் ஒரு கட்டி வேண்டும். ஒரு குழி மணலை இன்னொரு குழி மணலோடு சேர்க்கவே கூடாது. பைக்கு ஒரு துண்டுக் கடதாசி, பென்சிலால் எழுதி உள்ளே போடுங்கள், பேனை மை ஈரத்தில் ஊறிப்போகும். குழி இருக்கும் இடம், எத்தனை அடி ஆழம், மேல் இல்லமா கீழ் இல்லமா, மேலே என்ன மண் இருந்தது, அன்று என்ன கல் கிடைத்தது, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும்.

முதலாளியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் கண் முன்னாலேயே எடுங்கள், பையை அவர் ஒரு தடவை கிளறிப் பார்க்கட்டும். சம்மதிக்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம். அப்போதும் குழியின் பெயரையும் ஆழத்தையும் கிடைத்த கல்லையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மழை நாளில் எனக்காகக் குழிக்குள் இறங்கவே வேண்டாம். பைகளைத் தபாலில் போடாமல் தீபாவளிக்கு வரும்போது நீங்களே கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை